ஈமக்களத்தில் வசைப்பலகை

ஈராக்கில் மாண்ட அமெரிக்க இளம்படைஞன் ஒருவனுக்கு 2006-இல் மேரிலாந்தில் ஈமச்சடங்கு நடந்தபோது, கான்சாசு மாநிலத்து வெசுட்டுபரோ என்னும் கிறித்தவ அவையினர், ஒருபாற் காதலரைப் பொறுக்கும் நாட்டைக் கடவுள் ஒறுக்கின்றார் எனப் பலகையேந்தி நின்றனர். அன்பே கடவுள் என்பாரின் அன்பு இது! மகனை இழந்த தந்தை வழக்குத் தொடுத்தார். 2011-இல் உச்சமுறைமன்ற நடுவர் எண்மர் அவ் வவையின் பேச்சுரிமையையே காத்தனர், ஒருவர் மறுத்தார். பொதுவிடத்தில் நின்று பொதுச்செய்தி பேசினாரை, கேட்டார் உள்ளம் புண்பட்டதென ஒறுத்தல் ஆகாது என்றனர். நெஞ்சு கொதிப்பினும் தீர்ப்பு முறையானதே. வாய்ப்பூட்டை அரசின் கையிற் கொடுத்தால், சமயத்தலைவரை வினவுவோர் வாய்க்கன்றோ அது முதலிற் பூட்டப்படும்? 2012-இல் இயற்றப்பெற்ற சட்டமும் படைஞர் ஈமச்சடங்குக்கு முன்னும் பின்னும் இரண்டு மணிநேரம் 300 அடி விலகி நிற்கச் செய்தது; கருத்தைத் தொடவில்லை.