அண்ணாமலை அடிவாரத்தில் ஒரு கேள்வி

கார்த்திகைத் தீப நாளன்று திருவண்ணாமலையில் வாழும் நம் குடும்பங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் கொப்பரைத் தீபம் ஏற்றப்படும் மாலை வேளையில் ஊர் முழுவதும் வீதியில் நிற்கிறது. வாசல்தோறும் அகல் விளக்குகள் எரிகின்றன. நம் வீட்டு வாசலில் மட்டும் விளக்கில்லை. பக்கத்து வீட்டு அம்மையார், குறைகூறும் எண்ணம் சிறிதுமின்றி, “எல்லாம் ஒரே சாமிதானே அம்மா! நீங்கள் மட்டும் ஏன் விளக்கேற்றுவதில்லை?” என்று கேட்டுவிடுகிறார்.

“எங்கள் வேதத்தில் அதெல்லாம் கூடாது” என்று பேச்சையே முறித்துவிடுவோர் நம்மில் உண்டு. “ஆமாம், எல்லாம் ஒன்றுதான்” என்று நழுவிவிடுவோர் அவர்களினும் மிகுதி. முதற் பதிலால் அயலார் மனம் புண்படுகிறது. இரண்டாவதையோ சொன்னவரே நம்புவதில்லை. நம்பினால் ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போவானேன்?

புனித பேதுரு தம் முதல் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில், நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்போருக்கு விடையளிக்க எப்பொழுதும் ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார். அவ்விடை பணிவோடும் மரியாதையோடும் அமைய வேண்டுமென்பதையும் அங்கேயே சேர்த்துவிடுகிறார். சின்ன ஆசியாவில் பிற சமயத்தாரிடையே சிதறி வாழ்ந்த சிறு கூட்டங்களுக்கு அவர் எழுதியது அது. அண்ணாமலை அடிவாரத்துக் குடும்பங்களுக்கு எழுதியதாகவே அதைக் கொள்ளலாம்.

அவ்வூரின் தலபுராணத்தையே எடுத்துக்கொள்வோம். தம்முள் யார் பெரியவர் என்று பிரமனும் திருமாலும் வாதிட்டபோது, சிவபெருமான் அடிமுடி காணாத அனற்பிழம்பாய் நின்றார் என்பது கதை. பன்றியாகி நிலத்தை அகழ்ந்த திருமால், அடியைக் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். அன்னமாகிப் பறந்த பிரமனோ, தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக்கி, முடியைக் கண்டதாகச் சாதித்தார். இக்கதையை நாம் விசுவாசமாக ஏற்பதில்லை. ஆயினும் வாதத்தில் வெல்வதற்காகப் பொய்ச்சாட்சி தேடும் சோதனை நமக்கும் புதிதன்று. அயலார் சமயத்தின் மிகத் தாழ்ந்த வழக்கத்தை எடுத்து, நம் புனிதர்களின் வாழ்வோடு ஒப்பிட்டுப் பேசுகிறோமே, அது தாழம்பூச் சாட்சியன்றி வேறென்ன?

வாதமே கூடாது என்பது நம் கருத்தன்று. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மறுபிறவிக் கொள்கையை மறுத்துத் தமிழிலேயே நூல் செய்தவர். ஆனால் மறுக்குமுன் தமிழும் வடமொழியும் கற்றார். எதிர்ப்பக்கத்து நூல்களை அவர்கள் மொழியிலேயே ஓதியறிந்தார். இம்மறை பரங்கியர் மார்க்கம் என்ற எண்ணத்தை நீக்கக் காவியுடுத்தி, மரக்கறி உணவே உண்டார். அவரை எதிர்த்தவர்களுள் கத்தோலிக்கரே பலர். 1623-இல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்த பின்னரே ஓரளவு அமைதி ஏற்பட்டது.

நம் அயலார் நம்மைப் பற்றி அறிந்த அளவுகூட நாம் அவர்களைப் பற்றி அறிவதில்லை. 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்து, 1950-இல் அங்கேயே மறைந்த இரமண மகரிஷி, இளமையில் மதுரை அமெரிக்க மிஷன் பள்ளியில் பயின்றவர். எரியும் முட்புதரினின்று இறைவன் மோசேக்குத் தம் பெயரை வெளிப்படுத்திய வாக்கியத்தை அவர் பலமுறை எடுத்துக்காட்டினார். அவர் கொண்ட பொருள் நாம் கொள்ளும் பொருளன்று. எனினும் நம் மறைநூலை அவர் அறிந்திருந்தார். மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது இதே ஊரில் என்பது மரபு. நம்மில் எத்தனை பேர் அதை ஒருமுறையேனும் படித்திருக்கிறோம்? ஆங்கிலிக்க சபையினரான போப் ஐயர், திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-இல், தம் எண்பதாம் வயதில் வெளியிட்டார்!

1949 ஜனவரியில் பிரெஞ்சு பெனடிக்ட் துறவியான ஹென்றி லெ சோ அடிகளார், குளித்தலையிலிருந்த மொன்ஷனேன் அடிகளாருடன் மகரிஷியைக் காண வந்தார். எதையெதையோ எதிர்பார்த்து வந்தவர் முதலில் ஏமாற்றமே அடைந்தார். நீர் மிகுந்த சுமையோடு வந்திருக்கிறீர், அறியவேண்டும் என்ற ஆசையையும் இறக்கி வையும் என்று ஆசிரமத்திலிருந்த மேல்நாட்டுப் பெண்மணி ஒருவர் அவரிடம் கூறினாராம். பின்னர் 1952 முதல் அம்மலைக் குகைகளில் பலமுறை தங்கித் தவமிருந்தார். அத்துவிதத்துக்கும் திருப்பலிக்கும் இடையே அவர் உள்ளம் பட்ட பாடு பெரிது. அவ்வழியில் அவரோடு முழுவதும் செல்ல மொன்ஷனேன் அடிகளாரே தயங்கினார். குகை வாழ்வு குடும்பத்தாருக்கு உரியதன்று. சுமையை இறக்கிவைத்துக் கேட்பது மட்டும் நமக்கும் இயலும்.

இன்னொரு கேள்வியும் அதே வாசலில் வரும்: “உங்கள் மதத்தில் சாதி இல்லையா?” இதற்குத்தான் நம்மவர் தாழம்பூவை விரைந்து தேடுகின்றனர். நொபிலி அடிகளார் சாதி வரிசையைத் தொடாமல் விட்டதன் விலையைத் தமிழகத் திருச்சபை இன்றும் கொடுத்துவருகிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பிரிகிறது. 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் உயர்வுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட வேண்டியிருந்தது. “இருக்கிறது, அது எங்கள் பாவம், எங்கள் ஆண்டவர் கற்பித்ததன்று” என்று சொல்பவரின் மற்றப் பதில்களையும் அயலார் நம்புவர்.

அப்படியானால் விளக்குக் கேள்விக்கு என்ன சொல்வது? “நாங்களும் ஓரிரவு தீ வளர்க்கிறோம், அம்மா” என்று தொடங்கலாம். பாஸ்கா இரவில் கோவிலுக்கு வெளியே புதுத் தீ மூட்டி, அதிலிருந்து பெரிய மெழுகுதிரியை ஏற்றி இருளுக்குள் எடுத்துச் செல்வதைச் சொல்லலாம். சிலுவையில் இறந்து உயிர்த்த ஒருவரையே அந்த ஒளி குறிக்கிறது. எங்கள் வணக்கம் அவருக்கே உரியது. அதனால்தான் இன்று இவ்வாசலில் விளக்கில்லை என்று தெளிவாகக் கூறலாம். அவர் வீட்டுத் தீபத்தின் பொருளையும் கேட்டு, முடியும்வரை குறுக்கிடாமல் இருக்கலாம். அடுத்த பாஸ்கா இரவுக்கு அவரை அழைப்பதும் நன்று. அதற்குமுன் அந்தப் புதுத் தீயின் பொருளை நம் பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.