சர்க்கரைக் கணக்கு எழுதுகிறீர்களா?

பால் கணக்கு, சலவைக் கணக்கு, மளிகைக் கணக்கு என்று எல்லாவற்றையும் காலண்டரில் குறித்து வைக்கிற கை நம்முடையது. சர்க்கரைக் கணக்கு மட்டும் ஏன் எழுதுவதில்லை? ரேஷன் சர்க்கரையைச் சொல்லவில்லை, சகோதரிகளே. ரத்தத்தில் ஓடுகிறதே, அதை!

இப்போது அதற்கும் செல்போனில் 'ஆப்' இருக்கிறது. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி கழித்து எவ்வளவு, எத்தனை இட்லி, எவ்வளவு நடை என்று பதிந்தால் வரைபடமாகக் காட்டுகிறது; மாத்திரை வேளைக்கு மணியடிக்கிறது.

"இதனாலெல்லாம் பலன் உண்டா?" என்பீர்கள். நம் சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினரின் ஆராய்ச்சி 2013-ல் வெளியாயிற்று. சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 537 ஆண்களுக்கு அறிவுரை சொல்லி, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மட்டும் உணவு, நடை பற்றி அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இரண்டு வருஷத்தில் செய்தி வராதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நோய் வந்தது. வந்தவர்களில் 18 பேருக்குத்தான். ஞாபகப்படுத்தியதற்கே இத்தனை பலன்!

அத்தனை பேரும் ஆண்கள், கவனித்தீர்களா? அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, மாமியாருக்கு இன்சுலின் போட்டுவிட்டு, மூன்று மணிக்கு மிச்சம் மீதியைச் சாப்பிடும் நமக்கு யார் ஞாபகப்படுத்துவார்கள்? "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று இருந்துவிடக் கூடாது. முக்கியமாக, கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து பிரசவத்தோடு மறைந்த இளம் தாய்மார்கள். பிற்காலத்தில் அது திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். பிரசவமாகி ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, பிறகு வருஷா வருஷம் ஒன்று என்று இன்றே செல்போனில் குறித்து வையுங்கள்.

ஆனால் கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும். நாகேஸ்வர ராவ் பூங்காவில் நாலு சுற்று நடந்ததைப் பதிந்துவிட்டு, பிறகு சாப்பிட்ட இரண்டு வடையை விட்டுவிடுகிறவர்களை எனக்குத் தெரியும்! கோயில் சர்க்கரைப் பொங்கலைப் பிரசாதம்தானே என்று மறைத்தால் ஆப்புக்குத் தெரியாது; ரத்தத்துக்குத் தெரியும்.

இன்னொன்று. ஆப் சொல்கிறதென்று மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்; அது டாக்டர் பொறுப்பு. மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், போனை ஓரமாக வைத்துவிட்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள்.

இன்று தொடங்கினால் அடுத்த இதழ் வருவதற்குள் 15 நாள் கணக்கு சேர்ந்துவிடும். டாக்டரிடம் போகும்போது அதைக் காட்டுங்கள்.