முப்பத்தொன்பது ஷில்லிங்

"ஒரே ஒரு ஜேப்படிக்காரனைத் தூக்கில் போட்டுப் பாருங்கள் சார்! அப்புறம் எவனாவது அடுத்தவன் சட்டைப்பையைத் திரும்பிப் பார்ப்பானா?"

இப்படிச் சொல்கிறவர்களில் வாரத்துக்கு ஒருவரையாவது நான் சந்தித்துவிடுகிறேன். பஸ்ஸில் இருக்கிறார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் இருக்கிறார்கள். பெரும்பாலும் பரம சாதுக்கள். வீட்டில் கரப்பான் பூச்சியை அடிப்பதற்குக்கூடச் சம்சாரத்தைத்தான் கூப்பிடுவார்கள்.

அவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: போட்டுப் பார்த்தாகிவிட்டது, ஐயா!

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஒரு ஷில்லிங்குக்கு மேல் ஜேப்படி செய்தால் தூக்கு. கடையில் கண் மறைவாக ஐந்து ஷில்லிங் சரக்கை எடுத்தால் தூக்கு. இது 1699-ஆம் வருஷத்துச் சட்டம். வீட்டுக்குள் நாற்பது ஷில்லிங் திருடினால் தூக்கு. இது 1713-இல் வந்தது. இவ்வளவு கயிறு தொங்கியும் திருட்டு நின்றதா? லண்டன் ஓல்டு பெய்லி கோர்ட்டு விசாரணைகளை 1674 முதல் அச்சடித்து விற்றிருக்கிறார்கள். அவற்றை இன்றும் படிக்கலாம். கைக்குட்டை, வெள்ளிக் கரண்டி, ரிப்பன், ஒரு ஜோடி காலுறை என்று திருட்டுக் கேஸ்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

நின்றது திருட்டு அல்ல, ஜூரிகளின் கணக்கறிவுதான்!

1732-இல் எலிசபெத் ஹாப்ஸ் என்ற பெண்மீது ஒரு கேஸ். வீட்டுக்குள் திருடியதாகக் குற்றச்சாட்டு. திருடு போனவை: பழைய பொற்காசு ஒன்று, இரண்டு கினி, இரண்டு அரைக் கினி, ரொக்கமாக நாற்பத்து நான்கு ஷில்லிங். கினி ஒன்றுக்கு இருபத்தொரு ஷில்லிங். பொற்காசைத் தள்ளிவிட்டுக் கூட்டினாலும் நூற்றேழு ஷில்லிங் ஆகிறது. பன்னிரண்டு ஜூரிகளும் யோசித்துச் சொன்ன தீர்ப்பு என்ன? குற்றவாளிதான், ஆனால் திருடிய பணத்தின் மதிப்பு முப்பத்தொன்பது ஷில்லிங்!

துணிக்கு மதிப்புக் குறைத்தால் சாயம் போய்விட்டது என்று சொல்லலாம். நாற்பத்து நான்கு ஷில்லிங் நாணயம் முப்பத்தொன்பது ஷில்லிங் பெறும் என்றால்? அந்தப் பன்னிரண்டு பேரும் தங்கள் வியாபாரத்தில் கால் பென்னியை விட்டிருக்க மாட்டார்கள். பிளாக்ஸ்டன் என்ற சட்ட மேதை இதற்குப் 'புண்ணியப் பொய்' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார்.

இதைப் புரிந்துகொள்ள லண்டன் போக வேண்டியதில்லை. "கண்ணாடி டம்ளரை உடைத்தால் தோலை உரித்துவிடுவேன்!" என்று கர்ஜிக்கும் தகப்பனார் வீட்டில் நடப்பது என்ன? டம்ளர் உடையும். "அது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது" என்பாள் தாயார். "பூனை தட்டிவிட்டது" என்பாள் பாட்டி. பையன் தப்பித்துக்கொள்வான். "இரண்டு நாளைக்குப் பட்சணம் கிடையாது" என்று சொல்லியிருந்தால், பாட்டியே பையனைப் பிடித்துக் கொடுத்திருப்பாள்.

ஆனால் அந்த ஜூரிகளுக்கு நான் மாலை போடத் தயாராயில்லை. பொய்யில் தொங்கும் கருணை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. மேரி ஜோன்ஸுக்குக் கிடைக்கவில்லை. கணவனைக் கப்பற்படைக்குப் பலவந்தமாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்கு இரண்டு குழந்தைகள். லட்கேட் பகுதியில் ஒரு கடையில் துணி திருடியதற்காக 1771-இல் அவளைத் தூக்கில் போட்டார்கள். தூக்குமேடைக்குப் போகும் வழியில் அவள் மார்பில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது என்று 1777-இல் வில்லியம் மெரிடித் பார்லிமெண்டில் எடுத்துச் சொன்னார். ஹாப்ஸின் ஜூரிகளுக்குக் கணக்கு வரவில்லை. மேரியின் ஜூரிகளுக்கு வந்துவிட்டது. இரண்டு உயிர்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். இதையா சட்டத்தின் உறுதி என்பது?

1810-இல் ஸர் சாமுவேல் ராமில்லி, கடைத் திருட்டுக்குத் தூக்கு வேண்டாம் என்று மசோதா கொண்டுவந்தார். பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஒரு பேராயரும் ஆறு பிஷப்புகளும் உண்டு. இரண்டு கள்வர்களுக்கு நடுவே சிலுவையில் தொங்கியவரின் அடியார்கள்! இந்தச் சட்டங்களைத் தளர்த்தினால் மனிதன் வெளியே போய்த் திரும்புவதற்குள் வீடு காலியாகிவிடும் என்று பயமுறுத்தினார், தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு.

மறு வருஷமே விசித்திரம் நடந்தது. துணி வெளுக்கும் களங்களில் திருடினாலும் தூக்குத்தான். அந்தக் களங்களின் சொந்தக்காரர்களே பார்லிமெண்டுக்கு மனுப் போட்டார்கள்: "தயவு செய்து தூக்கை எடுத்துவிடுங்கள். உயிர் போகுமே என்று தண்டிக்கத் தயங்குகிறார்கள், திருடன் தப்பிவிடுகிறான்!" துணியைப் பறிகொடுத்தவனுக்குத் தெரிந்த நியாயம், பறிகொடுக்காத பிரபுவுக்குத் தெரியவில்லை. வெளுப்புக் களத்துத் தூக்கு 1811-இல் ஒழிந்தது; கடைத் திருட்டுக்கான தூக்கு 1823-இல் ஒழிந்தது. பிரபுக்களின் வீடு ஒன்றும் காலியாகிவிடவில்லை.

தண்டனை சிறியதாயிருக்கட்டும், ஆனால் நிச்சயமாயிருக்கட்டும். யோக்கியன் கை நடுங்காமல் கொடுக்கக்கூடிய தண்டனைதான் திருடனை நடுங்க வைக்கும். மற்றதெல்லாம் பந்தியில் பேசுவதற்குத்தான் லாயக்கு.

இனி யாராவது என்னிடம் 'தூக்கில் போட வேண்டும்' என்று ஆரம்பித்தால் ஒன்றே ஒன்று கேட்கப் போகிறேன்: "நாற்பத்து நான்கு ரூபாயை எண்ணச் சொன்னால், நீங்கள் எவ்வளவு என்று சொல்வீர்கள், ஸார்?"

கரப்பான் பூச்சிக்கே மனைவியைக் கூப்பிடுகிறவர் முப்பத்தொன்பது என்றுதான் சொல்வார், சந்தேகமே இல்லை.