யந்திரம் கொதித்தால் யார் குற்றம்?

குருபரப்பள்ளியைக் கடந்து சூளகிரியை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், மேலுமலை ஏற்றத்தின் பக்கமாகக் கோடைப் பகலில் பிரயாணம் செய்தவர்களுக்கு ஒரு காட்சி புதிதாயிராது. கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரி ஒன்று சாலையின் இடது ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும். அதன் முன்புறத்திலிருந்து ஆவி சீறும். சக்கரத்துக்கு அடியில் ஒரு கல். வண்டிக்குப் பின்னால் இரண்டு மரக்கிளைகள். டிரைவர் பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போயிருப்பார். மற்ற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போகும்.

'மலை ஏறினால் வண்டி கொதிக்கத்தான் செய்யும்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பலர். இது சரியல்ல என்று எடுத்துக்காட்டவே இன்று எழுத முற்பட்டோம். கொதிப்பதற்குக் காரணம் உண்டு. காரணத்தைக் கண்டறிய வழியும் உண்டு. கண்டறியாமலே பழியை டிரைவர் தலையில் கட்டி, ரிப்பேர்ச் செலவை அவருடைய சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இந்தக் கடைசி விஷயத்தில்தான் நமக்கு முக்கியமான அக்கறை.

அப்படிப் பிடிப்பது நியாயமா என்பது ஒருபுறமிருக்கட்டும்; சட்டத்துக்காவது ஒத்ததா? அந்நிய ஆட்சியில் இயற்றப்பட்ட 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டங்கூட, தொழிலாளியிடம் ஒப்படைத்த பொருளுக்கு நேர்ந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிப்பதானால், அது அவருடைய அஜாக்கிரதையால் நேராக விளைந்ததாயிருக்க வேண்டும் என்றும், பிடிப்பதற்கு முன் அவருடைய சமாதானத்தைக் கேட்க வேண்டும் என்றும் விதித்தது. பார்லிமெண்டு 2019-இல் நிறைவேற்றி, 2025 நவம்பரில் அமுலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த நிபந்தனை நிற்கிறது. ஆகவே, யார் குற்றம் என்று தீர்ப்புச் சொல்லுமுன், எது பழுது என்று பார்த்தாக வேண்டும். வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து கொடுத்தால் நாம் சும்மா இருப்போமா? லாரிப் பட்டறையில் மட்டும் அது நாள்தோறும் நடக்கிறது. முதலில் ரேடியேட்டரை மாற்றுகிறார்கள், பிறகு வாட்டர் பம்ப், பிறகு ஹெட். கடைசியில் பத்து ரூபாய்ப் பொருளான ரப்பர் வளையம் ஒன்று கேடு செய்திருந்தது என்று தெரியவருகிறது.

ஏற்றத்தின் கணக்கை நேயர்கள் சிறிது பார்க்கட்டும். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே தூரம் சுமார் 50 கிலோ மீட்டர். உயர வித்தியாசம் சுமார் 400 மீட்டர். டிரெய்லர் லாரியின் மொத்த எடை உச்சவரம்பை மத்திய சர்க்கார் 2018-இல் 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்த்தினார்கள். இந்த 55 டன்னை 400 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் மின்சாரக் கணக்கில் 60 யூனிட் வேலை ஆகும். டீசலின் உஷ்ணத்தில் ஐந்தில் இரண்டு பங்கையே நல்ல யந்திரமும் வேலையாக மாற்றுகிறது. எனவே தூக்குவதற்கே 15 லிட்டர் டீசல் எரிய வேண்டும். அதன் உஷ்ணத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு யந்திரத்தைச் சுற்றியோடும் நீரில் வந்து சேருகிறது. அது 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கப் போதுமானது! அதிலும் பெரும்பகுதி, செங்குத்தான சில கிலோ மீட்டர்களில், சில நிமிஷங்களுக்குள் வந்து குவிகிறது. சமதரையில் ஓடும்போது யந்திரத்தின் பாதிச் சக்திகூட வேண்டியதில்லை. எதிர்காற்றும் தானே வந்து ரேடியேட்டரில் மோதும். ஏற்றத்திலோ உஷ்ணம் உச்சத்திலிருக்கும் அதே வேளையில் வண்டி ஆமைபோல் ஊர்கிறது; எதிர்காற்று இல்லை. முழுப் பாரமும் விசிறியின் மேல் விழுகிறது.

வண்டியைச் செய்தவர்கள் இதை எண்ணாமலா செய்தார்கள்? ஓசூரிலேயே லாரிகள் உற்பத்தியாகின்றன. இந்த ஏற்றம் அவர்களுக்குத் தெரியாததன்று. சட்டப்படியான பாரத்தோடு, பழுதில்லாத லாரி கொதிக்காமல் ஏறியே தீர வேண்டும். ஏற்றம் நோயை உண்டாக்குவதில்லை. சமதரையில் ஒளிந்திருந்த நோயை வெளிக்குக் கொண்டுவருகிறது.

அந்த நோய் எங்கேயிருக்கிறது? முதலில் முள் காட்டுவது மெய்யா என்று பார்க்க வேண்டும். நீர் முழுவதும் வெளியேறிவிட்டால், உணர்கருவி நீரில் முழுகாமல் வெறும் ஆவியில் நிற்பதால் முள் கீழே இறங்குவதுமுண்டு. 'சூடு குறைந்துவிட்டது' என்று மகிழ்ந்து வண்டியை எடுத்து, யந்திரத்தையே பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது, ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் ஒப்பிடுவது. தொடாமலே உஷ்ணம் காட்டும் கைக்கருவி இப்போது எங்கும் கிடைக்கிறது. ஒரு டயரின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. மேலே கொதித்து, கீழே வெகுவாகக் குளிர்ந்திருந்தால் நீர் சரியாக ஓடவில்லை என்று அர்த்தம்: உள்குழாய்களில் உப்புப் படிந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுதும் திறவாதிருக்கலாம், பம்பின் இதழ்கள் தேய்ந்திருக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாக இருந்தால், நீர் ஓடுகிறது, காற்றுத்தான் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளவில்லை. அப்போது பார்க்கவேண்டியது விசிறியும் ரேடியேட்டரின் வெளி இதழ்களுமாகும்.

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். இன்றைய லாரியில் ரேடியேட்டருக்கு முன்னால் இண்டர்கூலர் நிற்கிறது, ஏ.சி. உள்ள வண்டியில் அதன் கண்டென்ஸரும் சேர்ந்துகொள்கிறது. 2025 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் தயாராகும் சரக்கு லாரிகளில் டிரைவர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்ற விதியை நாம் மனமார வரவேற்கிறோம். வெகு காலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது அது. ஆனால் அடுக்குகளின் நடுவே சேரும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் முன்னாலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. பிரித்துக் கழுவாமல் முன்பக்கம் மட்டும் தண்ணீர் அடித்துவிட்டு, 'சுத்தம் செய்தாயிற்று' என்று பில் போடுவது வெறும் கண்துடைப்பு.

விசிறியைப் பற்றிச் சிறந்த சாட்சி டிரைவரே. யந்திரம் சூடேறியதும் விசிறியின் பிடிப்பு இறுகி, பெருத்த இரைச்சல் கேட்க வேண்டும். "ஏற்றத்தில் இரைச்சலே வரவில்லை ஐயா" என்று அவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியம் அரை நாள் ஆராய்ச்சிக்குச் சமம். யார் காது கொடுக்கிறார்கள்?

ரேடியேட்டர் மூடியை அற்பமாக எண்ணிவிடக்கூடாது. ஓசூர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் தாங்கும் மூடியே கொதிநிலையை நூறு டிகிரிக்கு வெகு மேலே தள்ளிவைக்கிறது. அதிலுள்ள ரப்பர் வளையம் உளுத்துப்போனால், மற்றெல்லாம் சரியாயிருந்தும் நீர் பொங்கி வழியும். குளிர்ந்த யந்திரத்தை ஓட்டிய ஒரு நிமிஷத்துக்குள் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, நீரில் குமிழிகள் ஓயாமல் வந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போயிற்று என்று சந்தேகிக்க வேண்டும்.

சாலையோர வைத்தியங்களைப் பற்றியும் சொல்லாமலிருக்க முடியவில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் நாட்டில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. அதனால் சமதரையில் யந்திரம் வேண்டிய சூட்டை எட்டாமல் தேய்கிறது. சில யந்திரங்களில் சூடான நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பக்கவழியாகவே திரும்பி, ஏற்றத்தில் முன்னைவிட அதிகமாகக் கொதிக்கிறது. கூலண்டுக்குப் பதிலாக ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுவதும் அப்படியே. கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்து 2013-இல் திறந்தார்கள். ஃப்ளோரைடு வேறு, குழாயை அடைக்கும் உப்பு வேறு என்பதை அறிவோம். ஆனால் கைக்குக் கிடைத்த நீரையெல்லாம் யந்திரத்துக்கு ஊற்றலாம் என்ற எண்ணம் தவறு. கொதிக்கும்போது மூடியைத் திறந்து முகமும் கையும் வெந்தவர்கள் எத்தனை பேர்! நீர் இருக்குமாயின் வண்டியை நிறுத்தி, சில நிமிஷம் யந்திரத்தை மெதுவாக ஓடவிட்டுப் பிறகு அணைக்க வேண்டும். நீர் போய்விட்டால் உடனே அணைக்க வேண்டும். காய்ந்து தகிக்கும் யந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடித்துவிடும்.

டிரைவர் பேரில் குற்றமே இராது என்று நாம் வாதிக்கவில்லை. உயர்ந்த கியரிலேயே வைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்து ஏறினால், யந்திரத்தின் சுற்று குறைந்து, அதனோடு சுழலும் பம்பும் விசிறியும் தளர்ந்துவிடும். முன்கூட்டியே கியரைக் குறைப்பதே முறை. ஆனால் டீசல் மிச்சம் பிடிக்காவிட்டால் வேலையில்லை என்று மிரட்டுகிறவர்கள், அவர் ஏன் கியரைக் குறைக்கவில்லை என்று கேட்க என்ன யோக்கியதை உடையவர்கள்? அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019-ஆம் வருஷத்து மோட்டார் சட்டத் திருத்தம் விதிக்கிறது. பாரத்தை நிர்ணயித்தவர் டிரைவரா? சிப்காட் வாசலில் இத்தனை மணிக்குள் வந்து நிற்க வேண்டும் என்று கெடு வைத்தவர் அவரா?

நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு லாரியிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். எந்த இடத்தில், எந்தக் கியரில், என்ன பாரத்தோடு சூடேறிற்று, எவ்வளவு நீர் குறைந்தது, விசிறி இரைந்ததா என்று டிரைவர் எழுதட்டும். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் உஷ்ணங்களை மெக்கானிக் எழுதட்டும். இந்தப் பரிசோதனையை ஜில்லாவின் தொழிற் பயிற்சி நிலையங்களில் பாடமாகவும் வைக்கலாம். நெடுஞ்சாலை அதிகாரிகள் ஏற்றத்துக்கு முன்னால் விளக்கும் நிழலும் நல்ல நீரும் உள்ள நிறுத்துமிடத்தை ஏற்படுத்தி, நன்றாகப் பராமரிக்க வேண்டும். இரவில் வளைவில் நிற்கும் டிரெய்லருக்குப் பின்னால் இரண்டு மரக்கிளைகள் போதுமான எச்சரிக்கையல்ல. பின்னால் வந்து மோதுகிறவரும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறவரே.

நாமக்கல், சங்ககிரி லாரி உரிமையாளர்களை நாம் நேரே கேட்கிறோம்: அந்த நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தைக் காட்டாமல் எந்த டிரைவரிடமும் ஒரு ரூபாயும் பிடிப்பதில்லை என்று, வரும் கோடைக்கு முன் தங்கள் சங்கங்களில் தீர்மானம் செய்வார்களா?