காணி உறுதியும் கணினிப் பிரதியும்

சல்லியிலிருந்து எமது கல்லூரிக்கு வந்து கற்றோருள் காணி உறுதியின் அருமையை அறியாதார் இலர். 2004 டிசெம்பர் 26 இல் இக்கரையோரத்தைக் கடல் மேவியது. ஆயினும் பெட்டகத்து உறுதியைக் கடல் கொண்டதனால் மட்டும் காணியின் சான்று அற்றுவிடாது. நொத்தாரிசு எழுதிய உறுதியின் மூலம் உரியவர் கையிலும், இணைப்பிரதி காணிப் பதிவகத்திலும், மற்றொன்று நொத்தாரிசின் கோவையிலும் இருத்தல் இந்நாட்டு முறை. ஒரே அலை மூன்றையும் தீண்டுதல் அரிதன்றோ?

கணினி வந்தபின் இவ்வெளிய முறையை அரசாங்கமே மறந்தது வியப்பிற்குரியது. 2023 ஓகஸ்ட் 26 இல் இலங்கை அரசாங்க முகிற் கணிமைத் தொகுதியினுள் கப்பம் கோரும் நச்சுநிரல் புகுந்தது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. காப்புப் பிரதி இருந்தது. ஆனால் அதுவும் அத்தொகுதியோடு இணைந்திருந்தமையால் மூலத்துடன் சேர்ந்தே பூட்டப்பட்டது. தனித்துக் கழற்றி வைத்த பிரதி இல்லாமையால், மே 17 முதல் அன்றுவரையான கடிதங்கள் மீளவில்லை.

மூலத்தோடு பிணைந்து கிடக்கும் பிரதியை நாம் பிரதியெனக் கொள்ளோம். கல்லூரிகளின் சேர்வு இடாப்புகளும் பழைய சஞ்சிகைகளும் மின்வடிவாகும் இந்நாளில், அவற்றின் படியொன்று புற வன்தட்டில் எடுக்கப்பட்டு, உடனே கழற்றப்பட்டு, கடல் எட்டாத வவுனியாவிலோ கண்டியிலோ வாழும் பழைய மாணவர் ஒருவரிடம் இருத்தல் வேண்டும். பிறர் விபரங்கள் அடங்கியதாதலின் அதனை மறைகுறியாக்கிப் பூட்டுதலும் கடன். கடவுச்சொல்லை ஒருவரே அறிந்திருத்தல் ஆகாது. அவர் வெளிநாடு சென்றுவிட்டால் (நம்மவர்க்கு இது புதிதன்று!) பூட்டியது பூட்டியபடியே கிடக்கும். முத்திரையிட்ட உறையில் அதிபரிடமும் ஒன்றிருக்கட்டும்.

மீட்டெடுத்தலைப் பற்றியோ எவரும் நினைப்பதில்லை. தவணைக்கொருமுறை சில பக்கங்களையேனும், மூலத்தின்மேற் பதியாது, வேறொரு கணினியில் திறந்து கையெழுத்து இடாப்போடு ஒப்புநோக்கல் வேண்டும். நச்சுநிரல் தீண்டிய கணினியை முற்றாகத் துடைத்துத் தூய்மையாக்குமுன் வன்தட்டைச் செருகுவோர் எஞ்சியதையும் இழப்பர். அந்நிரல் பல நாள் ஒளிந்திருந்து வெளிப்படுதலும் உண்டாகையால், நேற்றைய பிரதியை மாத்திரம் நம்பாது, சென்ற மாதத்ததையும் சென்ற தவணையதையும் அழியாது வைத்தல் நன்று.

ஒப்புநோக்கும் பணியை, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் கற்கும் மாணவரிடம் ஒப்படைக்கலாம். வன்தட்டுகளின் விலையைப் பழைய மாணவர் சங்கம் ஏற்றல் தகும்.