மழைமானிக்கு மோடம் பூட்டும் விஷயம்

தூரத்து வயலிலுள்ள மழைமானியையோ கிணற்று நீர்மட்டக் கருவியையோ வீட்டிலிருந்தபடியே விசாரித்தறியும் பொருட்டுச் செல்பேசி மோடம் ஒன்றைப் பூட்டிவிட்டு, அது இரண்டொரு மாதத்தில் பதில் சொல்லாது நின்றதும், கழற்றிப் பரண்மேல் போட்டு, "இது நம் ஊருக்கு ஒத்துவராது" என்று முடிவு செய்வது சில நிலக்காரர்களின் வழக்கமாகிவிட்டது. இவ்வபிப்பிராயம் சரியன்று. பூட்டும்போது நேர்ந்த சிறு குறைகளே பெரும்பாலும் மோடத்தை ஊமையாக்குகின்றன. அதனினும் பெரிய குறை, வாங்கும் இடத்திலேயே நேர்ந்துவிடுகிறது.

கருவியில் சேரும் அளவுகள் யாவும் அதன் சீரியல் போர்ட் வழியே எழுத்தின்பின் எழுத்தாக வெளிவருவன. மோடம் அவ்வெழுத்துக்களை வாங்கி, பேச்சுக்கு அழைப்பதுபோலவே 'டேட்டா கால்' ஒன்றன் மூலமாக மறுமுனையிலுள்ள கம்ப்யூட்டரிடம் ஒப்புவிக்கின்றது. இதன் வேகம் செகண்டுக்கு 9600 பிட்டு. இவ்வேகம் போதாதென்போர் கணக்குப் பார்த்தவரல்லர். மணிக்கொரு அளவு வீதம் நாளொன்றுக்கு 24 அளவுகள், அளவொன்றுக்கு 40 எழுத்துக்கள் எனக் கொண்டாலும் மொத்தம் 960 எழுத்துக்களே ஆகும். எழுத்தொன்றுக்குப் பத்துப் பிட்டு வீதம் அவை ஒரு செகண்டில் கேபிளைக் கடந்துவிடும். கால் இணைவதற்குப் பிடிக்கும் நேரமே அதனினும் அதிகம்.

மோடத்திற்கு இடும் கட்டளைகள் புதியவை அல்ல. அமெரிக்காவில் ஹேய்ஸ் கம்பெனியார் 1981-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்மார்ட்மோடத்தின் முறையே இன்றளவும் நின்று வருகிறது. 'ஏ.டி.' என்னும் இரண்டெழுத்தைத் தட்டினால் 'ஓ.கே.' என்று பதில் வரவேண்டும். வாராவிடின், இருபுறத்து வேகமும் பொருந்தவில்லை, அல்லது கேபிள் தவறானது என்று அறியலாம். கம்ப்யூட்டரையும் மோடத்தையும் சேர்க்க நேர்க்கேபிள் வேண்டும். வயற்கருவிகளுட் சில, தாமே மோடம்போல முள் அமைக்கப்பெற்றவை. அவற்றுக்கு வாங்கும் கம்பியும் கொடுக்கும் கம்பியும் இடம் மாறிய குறுக்குக் கேபிள் இன்றியமையாதது. இவ்வொரு வித்தியாசத்தை அறியாது மோடத்தைக் குறைகூறுவோர் பலர்.

சிம்மிற்கு இரகசிய எண் பூட்டு இருப்பின், அதனை முன்னரே ஒரு செல்பேசியில் இட்டு நீக்கிவிட வேண்டும். மின்சாரம் நின்று திரும்பும்போது மோடம் விழித்தெழுந்து அவ்வெண்ணைக் கேட்டுக் காத்திருக்கும். வயலில் அதனைத் தட்டுவார் யார்? பின்னர், 'ஏ.டி.+சி.எஸ்.க்யூ.' என்று கேட்டால் சிக்னலின் பலத்தை 0 முதல் 31 வரையுள்ள எண்ணால் அது தெரிவிக்கும். 99 என்று வருமாயின் பலம் அறியக்கூடவில்லை என்பது பொருள். இச்சோதனையை வயலிலேயே செய்தல் வேண்டும். வீட்டுத் திண்ணையில் செய்தால் பயனில்லை. பம்பு செட்டின் தகரக் கொட்டகைக்குள் ஆன்டெனாவை வைத்துவிட்டுச் சிக்னல் இல்லையென வருந்துவதும் வீணே.

வயலில் நிற்கும் மோடம் தானே பதிலெடுக்க 'ஏ.டி.எஸ்.0=1' என்றும், மூன்று கம்பி மாத்திரம் உள்ள கேபிளாயின் 'ஏ.டி.&டி.0' என்றும் கட்டளையிட்டு, 'ஏ.டி.&டபிள்யூ.' என்பதால் அவற்றை அதன் நினைவில் பதித்துவிடுதல் நலம். பதிக்காவிடின் அடுத்த மின்வெட்டோடு எல்லாம் போம். அழைக்கும் முனையில் 'ஏ.டி.டி.' என்பதன்பின் எண்ணைத் தட்டவேண்டும். எண்ணின் ஈற்றில் அரைப்புள்ளி ஒன்றை இட்டுவிட்டால் அது டேட்டா காலாகாமல் பேச்சுக் காலாகிவிடும். ஒரு புள்ளியின் பொருட்டு ஒருநாள் முழுதும் இழந்தவர்கள் உண்டு.

இவ்வளவும் சரியாகச் செய்தபின்னும், செல்பேசிக் கம்பெனி டேட்டா கால் வசதியைத் தராவிடின் யாதொரு பயனுமில்லை. பேச்சுக்குரிய எண்ணன்றி டேட்டாவுக்கென வேறொரு எண் கேட்டுப் பெறவேண்டிய வலைகளும் உண்டு. இவ்வசதி பழைய முறைகளைச் சேர்ந்தது. 4ஜி முறையில் இதற்கு இடமே இல்லை. 2016 செப்டம்பரில் 4ஜி மட்டும் கொண்டு தொடங்கிய ஜியோவில் பழைய முறைகள் இல்லையாகலின், அதன் சிம்மைப் பழைய மோடத்தில் இட்டால் அது வலையைக் காணாது திகைத்து நிற்கும். ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா கம்பெனியார் 2016 டிசம்பர் 1-ந்தேதி 2ஜி வலையை மூடினர். அதற்குப் பதிலாக 3ஜிக்கு மாறியவர்களும் 2024 அக்டோபரில் அதுவும் மூடப்பட்டபோது மீண்டும் மாறவேண்டியதாயிற்று. எட்டு வருஷத்திற்குள் இருமுறை.

ஆகவே, மோடமும் அளவுக் கருவியும் ஒரே பெட்டிக்குள் ஒட்டி மூடப்பட்ட சரக்கை வாங்குவது உசிதமன்று. அது விலை சகாயமாயிருக்கலாம். எலியும் ஈரமும் அணுகாதென்பதும் உண்மையே. ஆயினும் வலை மூடப்படும் அன்று மோடத்தோடு நல்ல நிலையிலுள்ள மழைமானியும் குப்பைக்குப் போகிறது. சீரியல் போர்ட் வெளியே தெரியும்படி தனித்தனியே அமைந்தவற்றில், கருவி இருந்தபடியே இருக்க, மோடத்தை மாத்திரம் கழற்றி 4ஜி மோடம் ஒன்றைப் பூட்டிக்கொள்ளலாம். அழைக்கும் முறை மாறும். கேபிளில் வரும் எழுத்துக்கள் மாறா.

பொதுப்பணத்தில் கருவி வாங்கும் ஊராட்சிகளும் கிராம உத்தியோகஸ்தர்களும், கட்டளைப் புத்தகம் கைக்கு வராமலும், வயலிலிருந்து ஒரு கால் இணைந்து காட்டாமலும் பணம் கொடுத்தல் கூடாது. இட்ட கட்டளைகள், வேகம், கேபிள் வகை, இரண்டு எண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி, நகலொன்றை ஊராட்சி அலுவலகத்தில் வைத்திருப்பின், பூட்டியவர் ஊரைவிட்டுப் போனபின்னும் மற்றொருவர் அதனைச் சரிசெய்யக்கூடும்.