கப்பியும் கம்பிவடமும்

முன்னாளில் மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் இறக்கிப் போடிநாயக்கனூருக்கு அனுப்பிய மலைப்பிரதேசத்து மாணாக்கர்களும், ஒரு பெட்டி ஏற மறுபெட்டி இறங்கும் பழனி வின்ச்சில் அமர்ந்து மலையேறியவர்களும், பரீட்சையில் கப்பிக் கணக்கைக் கண்டு கலங்குவது, சூத்திரத்தை முன்னும் காரியத்தைப் பின்னும் வைத்துப் போதிப்பதன் விளைவே என்பது என் திடமான அபிப்பிராயம்.

உராய்வற்ற, கனமற்ற கப்பியின் இருபுறமும் 5 கிலோவும் 3 கிலோவும் தொங்கினால், கயிற்றின் இழுவிசையை 50 நியூட்டன் என்றோ 80 என்றோ பலர் எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு பாரத்தையும் தனியே பிரித்து, அதன்மேல் செயல்படும் விசைகளை மட்டும் ஆராய்ந்து, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால், இறங்குவதன் எடைக்குக் குறைவாகவும் ஏறுவதன் எடைக்கு மிகையாகவும் 37.5 நியூட்டன் என்ற விடை தானே வந்து நிற்கும்.

உராய்வோ கெடுதல் மாத்திரம் செய்வதன்று. அச்சில் சக்தியை விரயமாக்கி இருபுறத்து இழுவிசைகளையும் வேறுபடச் செய்யும் அதுவே, வடத்தை இழுக்கும் சக்கரத்தில் வடம் வழுக்காமல் பற்றி நிற்கவும் காரணமாகிறது. ஆகவே, இரு பெட்டிகளின் எடைகளும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிட, எஞ்சிய வித்தியாசத்தையும் உராய்வையும் மட்டுமே மோட்டார் தாங்குவதை, பள்ளிகள் மாணாக்கருக்குப் பழனியில் பிரத்தியட்சமாகக் காட்டிய பின்னரே கரும்பலகைக்குத் திரும்ப வேண்டும்.